பேருக்குப் பின்னால வர்ற எழுத்துகள்

இன்னிக்கு எபிசோட் எங்க அம்மாவோட வலது முழங்கால்ல ஆரம்பிக்குது. வரலாறு பேசுற இடத்துல முழங்கால் எதுக்குன்னு நினைக்காதீங்க. 1858-க்கும் போவோம், லங்காஷயர் பஞ்சாலைக்கும் போவோம், திரும்ப பூண்டிக்கே வந்துடுவோம்.

எங்க வீடு திருமுருகன்பூண்டி. திருப்பூர்ல இருந்து அவினாசி போற வழி. அம்மா 26 வருஷம் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்த்தவங்க. தைச்சு வர்ற ஒவ்வொரு பீஸையும் டேபிள் மேல விரிச்சு, ஓட்டை இருக்கா, தையல் விட்டிருக்கா, எண்ணெய்க் கறை இருக்கான்னு பார்க்கணும். பூரா நேரமும் நின்ன வாக்குலதான். நின்னதாலதான் மூட்டு தேய்ஞ்சுதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். வயசு, எடை, பரம்பரைன்னு டாக்டர்கள் நாலு காரணம் சொல்வாங்க. ஆனா போன வருஷம் அம்மாவால கோயில் படி ஏற முடியல. ராத்திரி கால நீட்டவும் முடியல, மடக்கவும் முடியல. எக்ஸ்ரே எடுத்தோம். மூட்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க.

முதல்ல போன ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டர் பேர் போட்ட போர்டு இருந்துச்சு. பேர் ஒரு வரி, பேருக்குப் பின்னால எழுத்துகள் ஒன்றரை வரி. எம்.பி.பி.எஸ். புரிஞ்சுது. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் எனக்குத் தெலுங்கு சினிமா டைட்டில் மாதிரிதான். அம்மா அதைப் பார்த்துட்டு, "நெறையா படிச்சிருக்காரு போல கண்ணு" அப்படின்னாங்க.

நான் மெர்ச்சண்டைசர். ஆர்கானிக் காட்டன் ஆர்டர் வந்தா ஸ்பின்னிங் மில்லோட 'ஸ்கோப் சர்ட்டிஃபிகேட்' நம்பரை வெப்சைட்ல போட்டுப் பார்க்காம ஒரு கிலோ நூல் வாங்க மாட்டேன். காலாவதி ஆயிடுச்சான்னு பார்ப்பேன், எந்த வேலைக்குக் கொடுத்த சான்றிதழ்னு பார்ப்பேன். 200 ரூபாய் டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு பார்க்குறவன், அம்மா எலும்பை வெட்டப் போறவரோட போர்டை வெறுமனே வாசிச்சுட்டு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த எழுத்துகள் ஒவ்வொன்னும் எங்கிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்தான் இந்த எபிசோட்.

எலும்பு வைத்தியம் எல்லா ஊர்லயும் பட்டம் இல்லாதவங்ககிட்டதான் தொடங்கியிருக்கு. நம்ம பக்கம் கட்டு வைத்தியர்கள். 'புத்தூர் கட்டு' போர்டு இல்லாத ஊர் தமிழ்நாட்டுல இருக்கான்னு தெரியல. எங்க அப்புச்சி, அதாவது அம்மாவோட அப்பா, பூண்டி சிற்பக்கூடத்துல உளி பிடிச்சவர். ஒரு தடவை மணிக்கட்டு உடைஞ்சு, கட்டு போட்டுத்தான் சரியாச்சு. எலும்பு கூடிடுச்சு, ஆனா கை பழைய மாதிரி திரும்பல. அதுக்கப்புறம் அவருக்கு நுணுக்க வேலை கொடுக்கல.

இங்கிலாந்துலயும் இதே கதை. வேல்ஸ் பக்கத்து ஆங்கிள்சி தீவுல, தலைமுறை தலைமுறையா எலும்பு கட்டுற ஒரு குடும்பம் இருந்துச்சு. அதுல எவன் தாமஸ் அப்படிங்கிறவர் லிவர்பூலுக்கு வந்து தொழில் பண்ணினார். துறைமுக ஊர், தினமும் யாருக்காவது கை கால் உடையும், கூட்டம் அலைமோதும். ஆனா பட்டம் கிடையாது. அதனால வழக்கு மேல வழக்கு. பட்டுத் தெரிஞ்ச மனுஷன் என்ன பண்ணினார்னா, அஞ்சு பசங்களையும் மருத்துவம் படிக்க வச்சுட்டார். மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ். குடும்பக் கைப்பழக்கமும் கல்லூரிப் பட்டமும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்துச்சு. நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுல தொடை உடைஞ்சவங்க காலை ஒரு நீளமான கம்பிச் சட்டத்துல வச்சிருப்பாங்களே, அதுக்குப் பேரே தாமஸ் ஸ்பிளிண்ட். அவர் பண்ணினதுதான்.

அந்த மகன் தொழிலுக்கு வந்த அதே காலத்துல, 1858-ல, பிரிட்டன்ல மருத்துவச் சட்டம் வந்துச்சு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் அதோட முகவுரை. மருத்துவ உதவி தேவைப்படுறவங்க, தகுதி உள்ளவர் யாரு, இல்லாதவர் யாருன்னு பிரிச்சுப் பார்க்க வழி வேணும், அதுக்குத்தான் இந்தச் சட்டம்னு ஆரம்பிக்குது. பதிவேடு யாருக்காக? நோயாளிக்காக. அது நாம பார்க்க வேண்டிய புத்தகம். 160 வருஷத்துக்கும் மேல ஆச்சு, நம்மள்ல எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கோம்?

அந்த யோசனை கப்பலேறி இங்க வர அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1835-லயே ஒரு பள்ளியா தொடங்கியாச்சு, ஆனா மெட்ராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் 1914-லதான் வந்துச்சு. இன்னிக்குத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்னு சொல்றோமே, அதோட வேர் அங்கதான். அந்தப் பதிவேட்டுலயும் எல்லாரும் ஒரே தட்டுல இல்ல. பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினவங்க ஒரு பக்கம், மருத்துவப் பள்ளியில படிச்சு 'எல்.எம்.பி.' வாங்கினவங்க இன்னொரு பக்கம். உங்க தாத்தா பாட்டியைக் கேளுங்க, 'எல்.எம்.பி. டாக்டர்' அப்படிங்கிற வார்த்தை ஞாபகம் இருக்கும். சின்ன ஊர்களுக்குப் போய்ப் பிரசவமும் காலராவும் பார்த்தது பெரும்பாலும் அவங்கதான். 1946-ல போர் கமிட்டி அறிக்கை, இந்த ரெண்டு தட்டு முறை வேண்டாம், ஒரே அடிப்படைப் பட்டம் போதும்னு சொன்னதுக்கப்புறம் அது மெல்ல மறைஞ்சுது.

இன்னொரு வேடிக்கை. 'ஆர்.எம்.பி.' அப்படின்னா பதிவு பெற்ற மருத்துவர்னு அர்த்தம். சட்டப்படி பார்த்தா பெரிய பெரிய சர்ஜனும் ஆர்.எம்.பி.தான். ஆனா நம்ம ஊர்ப் பேச்சுல 'அவர் ஆர்.எம்.பி.ங்க'ன்னா படிக்காமலே ஊசி போடுறவர்னு அர்த்தம் ஆயிடுச்சு. எழுத்துகள் ஊரைச் சுத்தச் சுத்த அர்த்தம் மாறும்.

சரி, எம்.பி.பி.எஸ்.க்கு அப்புறம் வர்ற எழுத்துகளுக்கு வருவோம். எலும்பு அறுவை சிகிச்சை ஒரு தனிப் படிப்பா நிலைச்சதுல லிவர்பூலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹியூ ஓவன் தாமஸ்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர் அவரோட சொந்தக்காரப் பையன் ராபர்ட் ஜோன்ஸ். முதல் உலகப் போர்ல தொடை எலும்பு உடைஞ்ச சிப்பாய்களை அந்தத் தாமஸ் ஸ்பிளிண்ட் வச்சுக் காப்பாத்தினதுல அவர் பேர் பெரிசாச்சு. அந்த வழியில லிவர்பூல் பல்கலைக்கழகம் 'எம்.சிஹெச். ஆர்த்தோ'ன்னு ஒரு பட்டம் கொடுக்க ஆரம்பிச்சுது. இந்தியாவுல இருந்து நிறைய பேர் கப்பல்ல போய் அதை வாங்கிட்டு வந்து, இங்க எலும்புத் துறைகளைக் கட்டினாங்க. 1955-ல இந்திய ஆர்த்தோபெடிக் சங்கம் உருவாச்சு. மெட்ராஸ்ல பேராசிரியர் எம். நடராஜன் மாதிரியானவங்க இதைத் தனித் துறையா வளர்த்தாங்க.

இன்னிக்கு நீங்க போர்டுல பார்க்குறது இதோட பேரன் பேத்திங்க. எம்.எஸ். ஆர்த்தோ மூணு வருஷப் பட்ட மேற்படிப்பு. டி.ஆர்த்தோ ரெண்டு வருஷ டிப்ளமோ. டி.என்.பி. தேசியத் தேர்வு வாரியம் நடத்துற பரீட்சை, அந்த வாரியம் 1975-ல தொடங்கினது. மூணுமே எலும்பு மருத்துவருக்கான முறையான தகுதிகள், அதுல சந்தேகம் வேண்டாம். எம்.சிஹெச்.ல மட்டும் கொஞ்சம் நிதானம் வேணும். இந்திய எம்.சிஹெச். அப்படின்னா எம்.எஸ்.க்கு மேல மூணு வருஷம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அதே எழுத்துல ஒரு வருஷப் படிப்பும் வச்சிருக்கலாம். எழுத்து ஒன்னு, உள்ள இருக்கிற சரக்கு வேற. 'ஃபெலோஷிப்' இன்னும் மோசம். ஒரு வருஷம் சீனியர் சர்ஜன் கூட நின்னு கையால ஆபரேஷன் பண்ணினதும் ஃபெலோஷிப்தான், ரெண்டு வாரம் ஓரமா நின்னு வேடிக்கை பார்த்துட்டு போட்டோ எடுத்துக்கிட்டு வந்ததும் சில போர்டுகள்ல ஃபெலோஷிப்தான்.

இப்ப கவனிங்க. இது வரைக்கும் சொன்ன எந்த முக்கிய எழுத்துலயும் 'மூட்டு மாத்தத் தெரியும்'னு இல்ல. எலும்பு முறிவு, முதுகுத்தண்டு, குழந்தைகளோட வளைஞ்ச பாதம், எலும்புக் கட்டி, எல்லாம் சேர்ந்ததுதான் எம்.எஸ். ஆர்த்தோ. இது ஏன் இப்படி? இதுக்குப் பதில் தெரிய ஜான் சார்ன்லி கதைக்குப் போகணும். என்னோட ஃபேவரைட் பகுதி இதுதான்.

சார்ன்லி 1911-ல லங்காஷயர்ல, பரி அப்படிங்கிற ஊர்ல பிறந்தவர். பருத்தியும் தறியுமா இருந்த பூமி. நம்ம திருப்பூருக்குப் பெரியப்பா ஊர்னு வச்சுக்கோங்க. ரைட்டிங்டன்னு ஒரு ஆஸ்பத்திரி, முன்னாடி காசநோய்க்காக இருந்தது. அங்க 1950களோட கடைசியில, தேய்ஞ்சு போன இடுப்பு மூட்டை எடுத்துட்டு, உலோக உருண்டையும் டெஃப்லான் கிண்ணமும் வைக்க ஆரம்பிச்சார். ஆமா, உங்க தோசைக்கல்லுல இருக்கிற அதே டெஃப்லான். நோயாளிகளுக்கு வலி போச்சு, நடந்தாங்க. சுமார் 300 பேருக்குப் பண்ணினார். ரெண்டு மூணு வருஷத்துல கிண்ணம் தேய ஆரம்பிச்சுது. தேய்ஞ்ச துகள் சுத்தி இருக்கிற திசுவை அரிச்சு எலும்பையே கரைச்சுது. தான் வச்சதைத் தானே ஒவ்வொன்னா எடுக்க வேண்டிய நிலை. அந்தப் பொருள் உடம்பை என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்க, சார்ன்லி தன் தொடைக்குள்ளயே டெஃப்லானை வச்சுப் பார்த்தார்.

1962-ல அந்த ஆஸ்பத்திரி ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு விற்பனையாளர் வந்தார். அவர் வித்துக்கிட்டிருந்தது லங்காஷயர் தறிகளுக்கான பிளாஸ்டிக் கியர். ஜெர்மனியில செஞ்ச, ரொம்ப கெட்டியான ஒரு வகை பாலிஎதிலீன். ஒர்க்‌ஷாப்ல இருந்த டெக்னீஷியன் ஹாரி க்ரேவன் ஒரு துண்டு வாங்கி சார்ன்லிகிட்ட காட்டினார். சார்ன்லி அதை நகத்தால கீறிப் பார்த்துட்டு, இது தேறாதுன்னு போயிட்டார். க்ரேவன் விடல. அவர் வெளியூர் போயிருந்த சமயத்துல தேய்மான மெஷின்ல மாட்டி ஓட விட்டார். ராப்பகலா மூணு வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாள்ல தேயற அளவுக்குக்கூட அது தேயல. 1962 நவம்பர்ல அந்தப் பிளாஸ்டிக் முதல் நோயாளிக்குள்ள போச்சு. இன்னிக்கு உலகம் பூரா வைக்கிற செயற்கை மூட்டுகள்ல பெரும்பாலானதுல அதோட வாரிசுதான் இருக்கு. தறிக்கு வந்த சாமான். அதை மூட்டுக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் பட்டம் எதுவும் இல்லாத ஒரு ஒர்க்‌ஷாப் ஆள். பனியன் கம்பெனி மெக்கானிக் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, அண்ணா, இந்த எபிசோட் உங்களுக்கு.

அடுத்து நடந்ததுதான் நம்ம கேள்விக்கு முக்கியம். ஆபரேஷன் வெற்றின்னு தெரிஞ்சதும் உலகம் பூரா சர்ஜன்கள் அந்த மூட்டைக் கேட்டாங்க. செஞ்சு கொடுத்தது லீட்ஸ்ல இருந்த தாக்ரே கம்பெனி. சார்ன்லி அவங்ககிட்ட ஒரு நிபந்தனை போட்டார். யார் கேட்டாலும் விற்கக் கூடாது. ரைட்டிங்டனுக்கு வந்து, கூட நின்னு பார்த்து, கத்துக்கிட்ட சர்ஜனுக்கு மட்டும்தான் விற்கணும். கேட்கிறவங்க எல்லாரும் முறையா தேர்வு எழுதின, பேருக்குப் பின்னால பட்டம் வரிசையா நிக்கிற சர்ஜன்கள்தான். இருந்தாலும் டெஃப்லான்ல சூடு பட்டவர், சர்ஜன் பட்டத்தை மட்டும் நம்பி மூட்டைக் கொடுக்கத் தயாரா இல்ல. 1960களோட கடைசி வரைக்கும் அந்தக் கட்டுப்பாடு இருந்துச்சு.

முழங்காலும் அங்கிருந்துதான் கிளம்புச்சு. ரைட்டிங்டன்ல வேலை பார்த்த கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் 1968-ல ஒரு உலோக-பிளாஸ்டிக் முழங்கால் பண்ணினார். நியூயார்க்ல ஜான் இன்சால் குழு 1974 வாக்குல கொண்டுவந்த டிசைன்தான் இன்னிக்கு இருக்கிறதுக்கெல்லாம் தாத்தா. தேவை பெருகப் பெருக, சார்ன்லி மாதிரி வாசல்ல நின்னு ஆள் பார்த்து விடுற வேலை யாராலயும் முடியல. கட்டுப்பாடு போச்சு. அதுக்குப் பதிலா 'மூட்டு மாத்தத் தகுதி'ன்னு எல்லாருக்கும் பொதுவான ஒரு பரீட்சை வந்துச்சான்னா, வரல. இந்தியாவுல ஒரு சில நிறுவனங்கள்ல மூட்டு மாற்றுக்குன்னே தனி மேற்படிப்பு, முறையான ஃபெலோஷிப் எல்லாம் இப்ப இருக்கு. ஆனா அது இருந்தாத்தான் பண்ணலாம்னு விதி இல்ல. கத்துக்கிறது இன்னும் குரு-சீடன் வழியிலதான்.

பிரிட்டன் வேற ஒரு வழி பிடிச்சுது. 90கள்ல '3எம் கேப்பிட்டல்'ங்கிற ஒரு இடுப்பு மூட்டு கோளாறு ஆகி, யார் யாருக்கு வச்சோம்னு தேடித் திண்டாடினதுக்கப்புறம், 2003-ல தேசிய மூட்டுப் பதிவேடு ஆரம்பிச்சாங்க. அங்க ஒரு சர்ஜன் எத்தனை மூட்டு மாத்தியிருக்கார்னு நீங்களே ஆன்லைன்ல பார்க்கலாம். இங்க மூட்டு சர்ஜன்கள் சங்கம் நடத்துற பதிவேடு இருக்கு, ஆனா விருப்பப்பட்டவங்க பதியுறது. அதோட விலை என்னன்னு 2010-ல தெரிஞ்சுது. ஏ.எஸ்.ஆர். அப்படிங்கிற உலோக இடுப்பு மூட்டை அந்தக் கம்பெனி உலகம் பூரா திரும்ப வாங்கிக்கிச்சு. இந்தியாவுல சுமார் 4,700 பேருக்கு அது வச்சிருந்தாங்க. பலரைக் கண்டுபிடிக்கவே முடியல.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 2014-ல கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்து ஆய்வு ஒன்னு வந்துச்சு. வருஷத்துக்கு 35-க்குக் கீழ இடுப்பு மூட்டு மாத்துற சர்ஜன்களோட நோயாளிகளுக்கு, மூட்டு நழுவுறதும் திரும்ப ஆபரேஷன் பண்றதும் அதிகமா இருந்துச்சு. அது இடுப்புக்கான கணக்கு, முழங்காலுக்கு அப்படியே ஒட்ட வைக்க வேண்டாம். ஆனா கைப்பழக்கம்னு நாம சொல்றது எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயம்னு அது காட்டுச்சு.

இதெல்லாம் படிச்சுட்டு நான் திரும்ப அந்தப் போர்டுக்கு வந்தேன். 2002-ல வந்த மருத்துவ நெறிமுறை விதிகள்படி, டாக்டர் தன் பதிவு எண்ணை மருந்துச் சீட்டுலயும் ரசீதுலயும் போடணும். அங்கீகாரம் உள்ள தகுதிகளைத்தான் பேருக்குப் பின்னால போட்டுக்கலாம். சீட்டுல நம்பர் இருந்துச்சு. தேசிய மருத்துவ ஆணையத்தோட பதிவேட்டுல போட்டேன். எம்.பி.பி.எஸ். வந்துச்சு, டி.ஆர்த்தோ வந்துச்சு. ஒன்றரை வரியில அரை வரி தேறுச்சு. மீதி ஃபெலோஷிப்புகள். இதை வச்சே ஆளை எடை போட்டுடாதீங்க, ஒரிஜினல் பட்டம் இருந்தும் கூடுதல் தகுதியைப் பதிவேட்டுல ஏத்தத் தாமதம் ஆகுறது உண்டு. அதனால நேர்லயே கேட்டேன். கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. அந்த டாக்டர் கோபப்படல. ஃபெலோஷிப் பத்து நாள் போய்ப் பார்த்தது, கையால பண்ணலன்னு நேராவே சொன்னார். மூட்டு மாற்று மாசத்துக்கு ஒன்னு ரெண்டு, மத்தபடி அவருக்கு வர்றதெல்லாம் பைக் ஆக்ஸிடென்ட். அவினாசி ரோட்டுல அதுக்குப் பஞ்சமா? நாளைக்கு எனக்குக் கால் உடைஞ்சா அவர்கிட்டதான் போவேன், அது உறுதி.

எங்க தொழில்ல ஸ்கோப் சர்ட்டிஃபிகேட்டுக்கு அடுத்து 'டிரான்ஸாக்‌ஷன் சர்ட்டிஃபிகேட்'னு ஒன்னு உண்டு. முதலாவது, இந்த மில் இந்த வேலைக்குத் தகுதி உள்ளதுன்னு சொல்லும். ரெண்டாவது, இந்தக் குறிப்பிட்ட லோடு சரியான சரக்குதான்னு சொல்லும். மருத்துவப் பதிவேடு முதல் வகை. ரெண்டாவது வகை அச்சடிச்சு எங்கயும் கிடைக்காது, வாயைத் திறந்து கேட்டுத்தான் வாங்கணும்.

அடுத்து கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட போனோம். போர்டுல எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., அவ்வளவுதான். நான் போன்ல கேள்விகளை எழுதி வச்சிருந்தேன். வருஷத்துக்கு எத்தனை முழங்கால், ஆபரேஷனை நீங்களே பண்ணுவீங்களா இல்ல ஜூனியரா, பத்தாவது நாள் காயத்துல சீழ் வந்தா யாரைக் கூப்பிடணும். விசிட்டிங் சர்ஜன் சனிக்கிழமை வந்து ஆபரேஷன் முடிச்சுட்டு ஊருக்குப் போயிடுற ஆஸ்பத்திரிகள் உண்டு, அதனால கடைசிக் கேள்வி முக்கியம். நான் போனை எடுக்குறதுக்குள்ள அம்மா முந்திக்கிட்டாங்க.

"ஏனுங்க சாமி, நீங்க யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டீங்க?"

எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கிடுச்சு. ஆனா பூண்டிக்காரங்களுக்கு அது சாதாரணக் கேள்வி. சிற்பக்கூடத்துல சிலைக்கு ஆர்டர் கொடுக்க வர்றவங்க, உளி பிடிக்கிறவரைப் பார்த்து முதல்ல கேட்கிறதே எந்த ஸ்தபதி கையில வளர்ந்தீங்கன்னுதான். அப்புச்சி வீட்டுல அம்மா அதைக் கேட்டே வளர்ந்தவங்க. டாக்டர் சிரிச்சுட்டு, சேர்ல சாய்ஞ்சு உட்கார்ந்து, தன் குருநாதர் பேரைச் சொன்னார். ரெண்டு வருஷம் அவர் கூட இருந்தது, முதல் ஆறு மாசம் கத்தியே கொடுக்காதது, முதல் முழங்கால் பண்ணின அன்னிக்குக் கை எப்படி இருந்துச்சுங்கிறது வரைக்கும் சொன்னார். இப்ப வாரத்துக்கு நாலஞ்சு பண்றேன்னார். என் கேள்விகளுக்கும் பதில் வந்துச்சு, ஆனா அம்மா கேள்விக்கு வந்த பதில் அளவுக்கு நீளமா வரல.

பணம் பத்தி ஒரு வார்த்தை. சுந்தரர் பரிசுப் பொருளோட வந்தப்ப வேடர் வேஷத்துல வழிப்பறி நடந்த தலம் எங்க ஊரு. அதனால பையைப் பிடிச்சுக்கிட்டேதான் பில்லைப் பார்ப்போம். முழங்கால் இம்பிளான்ட்டுக்கு 2017 ஆகஸ்ட்ல அரசு உச்சவரம்பு வச்சுது, கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்ப 54,720 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். 'பாரின் மூட்டு'ன்னு சொல்லி லட்சக் கணக்குல பேசினா அந்தக் கணக்கு எப்படின்னு கேளுங்க. ரோபோ இருக்குன்னு விளம்பரம் வந்தாலும், ரோபோ பக்கத்துல நிக்கிறவர் யாருன்னு பாருங்க.

ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. கால் முழுசா மடங்குறதுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி, பிசியோதெரபி பையனை அம்மா தினமும் திட்டுறாங்க. டிஸ்சார்ஜ் ஃபைல்ல ஒரு பக்கத்துல சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்துச்சு. மூட்டோட ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்னு. சைஸ், லாட் நம்பர், பார்கோடு. நாளைக்கு அந்த லாட்ல ஏதாவது கோளாறுன்னா அதை வச்சுத்தான் தேட முடியும், அதனால போட்டோ எடுத்து மூணு இடத்துல சேமிச்சு வச்சிருக்கேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"நம்ம கார்ட்டன் பொட்டியில ஒட்டுற ஸ்டிக்கர் மாதிரியேதான் இருக்குது. செக்கிங் யாரு பண்ணுனாங்கன்னு மட்டும் போடல."